வில்காக்ஸ் வீட்டுப் புத்தக அறை

எலிஹு ரூட் என்ற யுத்த மந்திரிக்கு 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி பிற்பகலில், பஃபலோ நகரத்து வீடொன்றின் புத்தக அறையில், பேச்சின் நடுவே தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கு அது அங்கே ஒரு முறைதான் நேர்ந்தது. எனக்கோ, சனிக்கிழமைகளில் அதே அறைக்கு வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அதே வாக்கியத்தின் அதே சொல்லுக்குப் பக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்பதுதான் கொஞ்ச காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். மந்திரி சபையின் சார்பில் உப ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பார்த்து, தாங்கள் உடனே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க வாய் திறந்த மனிதர், காலஞ்சென்ற ஜனாதிபதி மக்கின்லியைப் பற்றிய நினைவு குறுக்கிட்டதும் மேலே பேச முடியாமல் நின்றுவிட்டார் என்று நான் சொல்லி, நானும் நிற்பேன். பனிக்காலமானால், வாசலில் உதறிவிட்டு வந்தும் ஈரம் போகாத பூட்ஸுகள் பலகைத் தரையில் கிறீச்சிடும் ஓசை அந்த இடத்தில் அடங்கிவிடும். அடங்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். அப்படித் தெரிந்திருப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஆரம்பத்தில் நான் நின்றது நிஜமாகவே மேலே சொல்ல முடியாமல்தான். இப்போதும் பொய்யாக நிற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிற்காமல் போனால் ஏதோ ஒரு குறை வைத்துவிட்டதாகத் தோன்றும் அளவுக்கு அது என் தொழிலின் அங்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் பங்குனி மாதத்தில் ராமாயண காலட்சேபம் செய்ய வரும் பாகவதர், தசரதன் உயிர்விடும் கட்டத்தில் வருஷம் தவறாமல் அழுவார். அழுது முடித்து, மேல்துண்டால் முகம் துடைத்து, பக்கத்துச் செம்பிலிருந்து இரண்டு மடக்குப் பால் குடித்துவிட்டு, அடுத்த விருத்தத்தை அட்சர சுத்தமாக ஆரம்பிப்பார். அவர் அழுதது மெய்யா, வித்தையா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

அந்த அறையில் நடந்ததற்குப் புகைப்படம் கிடையாது. ஒரு மனிதர் வலக்கையை உயர்த்தி, அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கும் 35 சொற்களைச் சொல்லி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியான அந்தச் சில நிமிஷங்களைப் படம் பிடிக்க யாரும் அனுமதிக்கப்படவில்லை. பின்னால் காலி அறையைத்தான் எடுத்தார்கள். நாற்காலிகளும் புத்தக அலமாரிகளும் ஜன்னலும் இருக்கின்றன, மனிதர்கள் இல்லை. வீட்டுக்காரரான ஆன்ஸ்லி வில்காக்ஸும் அவர் மனைவியும் காலமான பிறகு தட்டுமுட்டுச் சாமான்கள் கைமாறிச் சிதறின. வீடே ஒரு போஜன சாலையாக மாறிற்று. 1960-களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளுவதற்கும் நாள் பார்த்தார்கள். ஊர் ஜனங்களில் சிலர் விடாப்பிடியாக நின்றதால் 1966-இல் காங்கிரஸ் அதைத் தேசியச் சரித்திர ஸ்தலமாக ஆக்கிற்று. பிரமாணம் நடந்து சரியாக எழுபது வருஷம் கழித்து, 1971 செப்டம்பர் 14 அன்று, கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. இடைக்காலத்தில் உருத்தெரியாமல் மாறிப்போயிருந்த புத்தக அறையை, அந்தக் காலி அறைப் படங்களை வைத்துக்கொண்டு திரும்பக் கட்டினார்கள். ஆகவே நான் நின்று பேசுகிற அறை அந்த அறைதான், அந்த அறை அல்ல என்றும் சொல்லலாம். இதை வருகிறவர்களிடம் மறைப்பதில்லை. எல்லாருமே கேட்டுத் தலையாட்டுகிறார்கள். தலையாட்டிய மறுகணமே ஜன்னலருகே உள்ள இடத்தைக் காட்டி, இங்கேதானே நின்றார் என்று கேட்டு, அந்தத் தரையை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறார்கள். சுவரும் தளமும் புதுசு என்று அறிந்தும் ஒதுங்கி நடக்கிற அந்தக் கால்களைப் பார்த்து நான் சிரித்ததில்லை. படம் இல்லாத குறையையும் அசல் இல்லாத குறையையும் சேர்த்து நிரப்புவது அங்கே ஒரு குரல்தான் என்பது அப்போது விளங்குகிறது. அந்தக் குரல் சம்பளமில்லாத, ஓய்வுபெற்ற, பிற தேசத்து உச்சரிப்புள்ள ஒரு கிழவனுடையதாக இருக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்த காலமும் உண்டு.

கௌரவிக்கப்படுவது எது என்று கேட்டுப் பார்க்கிறேன். தியோடர் ரூஸ்வெல்ட் அந்த ஊர்க்காரர் அல்லர். அந்த வீட்டில் விருந்தாளி. குண்டடிபட்ட ஜனாதிபதி மக்கின்லி பிழைத்துவிடுவார் என்று வைத்தியர்கள் தைரியம் சொன்னதன் பேரில், ஜனங்களுக்கு அநாவசியமான பீதி வேண்டாமென்று, ஊரைவிட்டு அடிரோண்டாக் மலைகளுக்குக் குடும்பத்தோடு போய்விட்டிருந்தார். 13-ஆம் தேதி மார்ஸி சிகரத்திலிருந்து இறங்கி வருகையில், காட்டு வழியே தந்தியோடு ஓர் ஆள் மேலேறி வருவதைக் கண்டபோதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பார்கள். அன்றிரவு இருட்டிலும் சகதியிலும் குதிரை வண்டி மாற்றி மாற்றி மலைப்பாதையில் இறங்கி, விடியற்காலையில் நார்த் கிரீக் ரயிலடியை அடைந்தபோதுதான், பின்னிரவு இரண்டேகால் மணிக்கே மக்கின்லி இறந்துவிட்ட செய்தி அவர் கைக்குக் கிடைத்தது. அதாவது, அந்த இராத்திரியின் பிற்பகுதி முழுவதும், வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்தவர் தம்மை அறியாமலே தேசத்தின் தலைவராக இருந்தார். அப்படியானால் பிரமாணம் எதைச் செய்தது? மலைவழியில் ஏற்கனவே நடந்துவிட்டதை, நாலு பேர் முன்னிலையில், ஒரு நீதிபதி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது தவிர வேறென்ன? மலையிலிருந்து நேராக வந்தவரிடம் அந்தச் சந்தர்ப்பத்துக்கு ஏற்ற உடுப்பு இல்லை. நீண்ட கறுப்புக் கோட்டு இரவல். பைபிளைக் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அன்று விடுபட்டுப் போயிற்று. மத்திய ஜில்லா நீதிபதி ஜான் ஹேஸல் சொல்லிக்கொடுக்க, நாற்பத்திரண்டு வயது மனிதர் கையை மட்டும் உயர்த்திச் சொன்னார். பைபிள் இல்லாமலா என்று வருத்தப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். புத்தக அறையில் ஒரு பைபிளுக்கா பஞ்சம் என்று ஒரு மூதாட்டி கோபித்துக்கொண்டார். சாசனம் அதைக் கேட்கவில்லை என்று சொல்லலாம், சொல்லிப் பயனில்லை.

ரூட் ஏன் நின்றுபோனார் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. 1881-இல் ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டு இறந்தபோது, நியூயார்க்கில் தம் நண்பரான உப ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் நள்ளிரவு கடந்து பிரமாணம் எடுத்த வீட்டிலும் ரூட் இருந்தார். இருபது வருஷ இடைவெளியில் இரண்டு கொலைகளுக்குப் பின்னால் இரண்டு பிரமாணங்களைக் கூடவே நின்று பார்க்க நேர்ந்த ஒருவர், இரண்டாம் தடவை அதே சடங்கைத் தாமே தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. அவருடைய மௌனத்தில் மக்கின்லி மட்டும் இருந்திருக்க முடியாது. என் மௌனத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால், கேட்பவர்கள் முகத்தைப் பார்க்கிற ஆவல்தான் முதலில் அகப்படுகிறது.

இன்னொரு விதமாகவும் இந்த வீடு என்னைக் கலக்குவதுண்டு. மக்கின்லி சுடப்பட்டது பான் அமெரிக்கன் பொருட்காட்சியில், சங்கீத மண்டபத்தில். பொருட்காட்சி முடிந்ததும் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடம் இன்று அமைதியான குடியிருப்புத் தெரு, நடுப்புல்தரையில் ஒரு சிறு பாறையும் செப்புத் தகடும் இருக்கின்றன, அவ்வளவே. அவர் எட்டு நாள் கிடந்து இறந்த மில்பர்ன் வீடு, வில்காக்ஸ் வீடு இருக்கும் அதே டெலவேர் அவென்யூவில் வடக்கே தள்ளி இருந்தது. 1950-களில் அதை இடித்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கார் நிறுத்தும் இடமாக்கினார்கள். ஊர் மத்தியில் 1907-இல் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் தூணும், அதன் அடியில் படுத்திருக்கும் சிங்கங்களும் மக்கின்லிக்குச் செய்த மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூணைச் சுற்றி வண்டி ஓட்டிப் போகிறவர்கள் அது யாருக்கென்று நினைப்பதில்லை. அடிபட்ட இடம் புல். உயிர் போன இடம் கார் நிறுத்துமிடம். பதவி கைமாறிய இடத்துக்குத்தான் வெள்ளைத் தூண்களும் மெருகேற்றிய மரமும் என்னைப் போன்ற தொண்டர்களும். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. எந்த வீடு எந்த வருஷம் யார் கையில் சிக்கிற்று என்பதைப் பொறுத்த விஷயம். ஆயினும் வெளியூரிலிருந்து வருகிற ஒரு குழந்தைக்கு, அன்று நடந்தது ஒரு பதவியேற்பு, ஒரு சாவும் கூட நடந்தது என்கிற வரிசையில்தானே மனத்தில் பதிகிறது?

அந்தச் சாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நேரம் போதாது. நயாகரா அருவியின் வேகத்திலிருந்து எடுத்த மின்சாரத்தால் கட்டடத்துக்குக் கட்டடம் விளக்குச் சரம் போட்டு, உலகத்துக்கே காட்டுவதற்காக ஒளியூட்டிய பொருட்காட்சி அது. அந்த மைதானத்து ஆஸ்பத்திரியில் ஜனாதிபதியின் வயிற்றைக் கிழித்துச் சிகிச்சை செய்த டாக்டர் மேத்யூ மான் பெண்களின் நோய்களுக்குப் பேர்பெற்றவர். துப்பாக்கிக் காயத்துக்கு அல்ல. வெளிச்சம் போதாமல், சாய்ந்துகொண்டிருந்த வெயிலைக் கண்ணாடி பிடித்துக் காயத்தின் பக்கம் திருப்பினார்கள். குண்டு அகப்படவில்லை. உடம்புக்குள்ளே பார்க்கக்கூடிய எக்ஸ்ரே யந்திரம் அதே பொருட்காட்சியில் வேடிக்கைப் பொருளாக வைக்கப்பட்டிருந்தது, அதை உபயோகிக்கவில்லை. சில நாள் தேறிவருவதாகத்தான் தோன்றிற்று, உள்ளே அழுகிக்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அத்தனை விளக்குக்கு நடுவே, மலையிறங்குகிற சூரியனிடம் கொஞ்சம் வெளிச்சம் கேட்டுக் கெஞ்சிய அந்தக் கை வில்காக்ஸ் வீட்டுக் கதையில் வருவதில்லை. அது வேறிடத்துச் சம்பவம் என்பது நியாயமான பதில்தான். இந்த வீட்டுச் சுவர்களுக்குள் நடந்ததை மட்டும் சொல்வதென்றால் சொல்ல மிகவும் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

சுட்டவன் லியான் சோல்காஷ். போலந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளிக் குடும்பத்தில் அமெரிக்காவிலேயே பிறந்தவன். அராஜகவாதி என்று சொல்லிக்கொண்டவன். வலக்கையில் கைக்குட்டையைச் சுற்றி அதற்குள் துப்பாக்கியை மறைத்து, ஜனாதிபதியுடன் கைகுலுக்கக் காத்திருந்தவர்களின் வரிசையில் நகர்ந்து வந்தவன். இரண்டே நாளில் விசாரணை முடிந்து, அக்டோபர் 29 அன்று ஆபர்ன் சிறையில் மின்சார நாற்காலியில் உயிர் போயிற்று. அடக்கம் செய்கையில் உடல் மிஞ்சாதபடி அமிலத்தை ஊற்றினார்கள். 1903-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், அராஜகவாதிகள் தேசத்துக்குள் வரக்கூடாது என்று விதித்தது. உள்ளே பிறந்தவன் செய்த குற்றத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களைத் துருவிக் கேட்பது என்ற அந்த நியாயத்தின் வாலை நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பம் எழுதுகையில், அரசாங்கத்தைப் பலாத்காரமாகக் கவிழ்க்க எண்ணியதுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று கட்டத்தில் குறியிட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு ஒரு மண்டபத்தில், நானா தேசத்தவர்களோடு நின்று, வலக்கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்தேன். ஜனாதிபதி சொல்ல வேண்டிய 35 சொற்களைவிடப் புதுக் குடிமகன் சொல்ல வேண்டியது ஏறக்குறைய நான்கு மடங்கு நீளம். பெரிய பதவிக்குச் சின்னப் பிரமாணமும் சாதாரண மனிதனுக்கு நீளப் பிரமாணமும் என்று வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ! புத்தக அறையில் ரூஸ்வெல்ட் உயர்த்திய கையைப் பற்றிச் சொல்லும்போது என் தோள் தானாகச் சற்று மேலெழும்புகிறது என்று கூட வேலை செய்கிற ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சுட்டிக்காட்டினார். அது மட்டும் வித்தை அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கதையில் வருகிற எல்லாரும் ஏதோ ஒரு பிரமாணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நீதிபதி, மந்திரிகள், ஜனாதிபதி, காயத்தைத் தைத்த வைத்தியர் கூட. அதைச் சொல்லுகிற தொண்டனை மாத்திரம் யாரும் கையை உயர்த்தச் சொல்லி, உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று வாக்கு வாங்கவில்லை. படிக்கக் காகிதங்கள் கொடுப்பார்கள். மூத்தவர்களின் பின்னால் சில தடவை சுற்றிவரச் சொல்வார்கள். அப்புறம் நம் நாக்கு, நம் மனச்சாட்சி. கூலிக்குச் செய்யாததால் யாருக்கும் அஞ்சாமல் நிஜத்தைச் சொல்லலாம் என்பது ஒரு பக்கம்; கூலி கேட்காதவனிடம் யாரும் கண்டிப்பாகக் கணக்குக் கேட்பதில்லை என்பது மறுபக்கம். வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போகிற கதைக்குச் சொல்கிறவனே நாளாவட்டத்தில் அடிமையாகிவிடுகிறான். வில்காக்ஸ் இந்த வகையில் அதிர்ஷ்டசாலி. தம் வீட்டில் நடந்ததைத் தாமே எழுதிவைத்துவிட்டு, மேலும் பல வருஷம் தம்முடைய வேறு காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழைகளுக்கான தர்ம ஸ்தாபனங்களிலும், சிபாரிசுக்கு இடமில்லாத அரசாங்க உத்தியோக முறைக்கான கிளர்ச்சியிலும், நயாகரா அருவிக்கரையைத் தனியாரிடமிருந்து மீட்கும் முயற்சியிலும் வாழ்நாளைச் செலவிட்ட வக்கீல் அவர். சம்பளமில்லாமல் பொதுக்காரியம் பார்ப்பதில் எங்கள் எல்லாருக்கும் முன்னோடி. அதையெல்லாம் கேட்க யாரும் வருவதில்லை. ஒரு பிற்பகல் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததற்காக மட்டும் நினைக்கப்படுகிறார்.

ஜேம்ஸ் பார்க்கரின் கதைக்கு வருவதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன் போலும். ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பின மனிதர். பொருட்காட்சியில் பரிமாறும் வேலை பார்த்தவர். வரிசையில் சோல்காஷுக்கு அடுத்தாற்போல் நின்றிருந்தவர். குண்டு பாய்ந்ததும் அவன்மேல் விழுந்து அடித்துச் சாய்த்தவர் இவர் என்று முதல் சில நாள் பத்திரிகைகள் கொண்டாடின. விசாரணை வந்தபோது அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. காவலுக்கு இருந்தவர்கள் அவரைக் கண்டதாகவே சொல்லவில்லை. ஆக, நீதிமன்றத்தில் பிரமாணம் எடுக்கக்கூட அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. இவரைப் பற்றி முன்கூடத்தில், புத்தக அறைக்குள் நுழைவதற்கு முன்னால், சொல்லத் தொடங்கியிருக்கிறேன். நிறுத்தம் வைக்க வசதியான இடம் ஏதும் அந்தக் கதையில் இல்லாதது ஒரு சௌகரியம். தொலைவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், நாங்கள் ரூஸ்வெல்ட்டைப் பார்க்க வந்தோம் என்று மரியாதையாகவே ஞாபகப்படுத்தினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு சுற்றுக்கு உரிய நேரம் கொஞ்சம்தான், புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழசில் ஒன்றை எடுத்தாக வேண்டும். கரடிப் பொம்மைக் கதையை எடுத்துவிடலாம் என்று முதலில் எண்ணினேன்; 1902-இல் மிஸிஸிப்பி வேட்டையில், கட்டிப்போட்ட கரடியைச் சுட ரூஸ்வெல்ட் மறுத்தது, அது கேலிச்சித்திரமானது, சித்திரம் பொம்மையானது எல்லாம் வருகிறவர்களுக்கு ஏற்கனவே தெரியும். எடுக்கப் போகையில்தான், அந்தக் கரடியோடு மல்லுக்கட்டிக் கயிறு போட்டு மரத்தில் கட்டியவர் ஹோல்ட் காலியர் என்றும், அடிமையாகப் பிறந்த கறுப்பின வேட்டைக்காரர் என்றும், நான் அவர் பெயரை ஒரு நாளும் அங்கே சொன்னதில்லை என்றும் உறைத்தது. கரடி இருக்கட்டும், காலியரும் வரட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது கைவைத்திருப்பது இரவல் கோட்டின் பேரில். கேட்பவர்கள் மனம்விட்டுச் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான். கூட இருக்கிற தொண்டர்களுக்கு அதில் சம்மதமில்லை.